பனை எந்த இடத்தில் தென்னையாகிறது: ஒரு நிலக்காட்சி வரைந்த குறிப்பு

தை மாதத்திலிருந்து ஒரே ஒரு படத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். ஏ3 தாள் ஏழு, பக்கத்தில் பக்கம் ஒட்டினால் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. இடது ஓரத்துத் தாளில் இருப்பது திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியில் (தேரி என்றால் செம்மணல் மேடு) மணலில் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைந்த பனங்காடு. இரண்டாவது தாளிலிருந்து படம் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிகிறது. மேலே, அந்தப் பனங்காட்டைப் படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்றிடம் கொடுத்துத் திரும்பத் திரும்ப வரையச் சொன்னபோது அது என்னவாக மாறியது என்பது. கீழே, அதே பனங்காட்டை மனிதர்களிடம் கொடுத்து, ஒருவர் வரைந்ததை அடுத்தவர் பார்த்து நினைவிலிருந்து வரைந்தபோது என்னவாக மாறியது என்பது. இதை எப்படிச் செய்தேன், எங்கே தப்பு வந்தது என்று எழுதிவைக்கிறேன், இதேபோல் தன் ஊர் நிலத்தை வைத்துச் செய்துபார்க்க நினைக்கிறவர்களுக்குப் பயன்படும்.

ஆரம்பம் ஒரு அழைப்பிதழ். சொந்தக்காரப் பையன்கள் சிலர் சேர்ந்து குளத்தங்கரையில் பனை விதை நட ஏற்பாடு செய்தார்கள், நல்ல காரியம், அதற்கு ஒரு படம் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் மாடலிடம் கேட்டு வாங்கி அச்சடித்துவிட்டார்கள். சூரியன் மறைகிறது, பச்சை வயல், ஓடை, கரையில் வரிசையாக மரங்கள். அழகான படம்தான். ஆனால் மரங்கள் எல்லாம் தென்னை. பனை விதை நடும் விழாவுக்குத் தென்னை மரம் போட்ட அழைப்பிதழை ஊரே கையில் வாங்கிப் படித்தது, நானும் வாங்கிப் படித்தேன், வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷின் தப்பு செய்ததைவிட, பனைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்ததுதான் மனசில் தங்கிவிட்டது. அதை வரைந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

2022-இல் வெளியாகி யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம் என்று வந்த பட மாடல்களில் ஒன்று என்னிடம் இருந்தது. 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும், இணையம்கூட வேண்டாம். ‘தமிழ்நாடு, சிவப்பு மணல் மேடு, பனை மரங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதி 20 படம் எடுத்தேன். பாதிக்கு மேல் தென்னை. மிச்சத்தில் சில பேரீச்சை. சிவப்பு மணல் என்று சொன்னதாலோ என்னவோ இரண்டு படத்தில் ஒட்டகம் நின்றது. விசிறிபோல் விரிந்த பனையோலை ஒழுங்காக வந்தது ஒரே ஒரு படத்தில், அதிலும் அடிமரம் தென்னையைப் போல் வளைந்திருந்தது.

சரி, தமிழிலேயே கேட்போம் என்று ‘தேரியில் பனங்காடு’ என்று அடித்தேன். வந்தவற்றுக்கும் கேட்டதற்கும் சம்பந்தமே இல்லை. இதற்குக் காரணம் புரிந்துகொள்ளத் தக்கதுதான். இந்த வகை மாடலில் நாம் எழுதுவதை வாசிக்கும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத் தலைப்புகளைப் படித்துப் பழகியது. ‘பனை’ என்ற சொல் நமக்கு இரண்டு எழுத்து, கம்ப்யூட்டருக்கு அது 9 பைட். அந்தச் சொல்லை முழுதாக அறியாத மாடல் அதைப் பைட் பைட்டாக நொறுக்கித்தான் வாசிக்கிறது. மொத்தமே 77 துண்டுதான் அதன் வாய்க்குள் போகும் என்பதால், தமிழில் நீளமாக எழுதினால் வாக்கியம் முடியும் முன்னரே இடம் தீர்ந்துவிடுகிறது. ஆக, பனையைக் கேட்பதற்கே நாம் முதலில் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும், போனால் அங்கே ‘பாம்’ (palm) என்ற ஒரே சொல்லில் பனை, தென்னை, பேரீச்சை, பாக்கு எல்லாம் கிடக்கின்றன.

இந்த மாடல்கள் எதைப் பார்த்துப் படித்தன என்பது வெளிப்படையாகக் கிடைக்கிற செய்தி. லயான்-5பி என்ற தொகுப்பு 2022-இல் வந்தது, இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படம்-தலைப்பு ஜோடிகள். அதில் ஆங்கிலத் தலைப்பு உள்ளவை ஏறத்தாழ 230 கோடி. அப்புறம் அதிலிருந்து ‘அழகான’ படங்களை மட்டும் பிரித்தெடுக்க இன்னொரு சின்ன மாடல் செய்தார்கள், அது ஒவ்வொரு படத்துக்கும் அழகு மதிப்பெண் போடும், 5-க்கு மேல் வாங்கிய படங்களை வைத்துத்தான் கடைசிக் கட்டப் பயிற்சி நடந்தது. அந்தச் சின்ன மாடலுக்கு அழகு எது என்று கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்கள். ஒரு புகைப்படப் போட்டித் தளத்தில் ஆட்கள் போட்ட மதிப்பெண்களும் அதில் சேர்த்தி. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. வெயிலில் வெளுத்த வானத்தின் கீழ் காய்ந்த ஓலை தொங்கும் மரத்துக்கு அந்தப் போட்டியில் யார் மதிப்பெண் போட்டிருப்பார்கள்? இதற்கு முந்தைய தலைமுறைத் தொகுப்பான இமேஜ்நெட்டை 2017-இல் சிலர் ஆராய்ந்தபோது, எந்த நாட்டுப் படம் என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் ஏறத்தாழ 45 சதவீதம் அமெரிக்காவிலிருந்தும், இந்தியாவும் சீனாவும் சேர்ந்து 3 சதவீதம் அளவிலும் இருந்தன. இப்படி ஒரு பக்கமாகப் போவதைச் சாய்வு என்கிறார்கள், அந்தச் சொல்லை நான் தராசுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். ஒரு தட்டில் அதிகம் கொட்டியிருக்கிறது, முள் அந்தப் பக்கம் போகிறது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேரிக்குப் போனேன். வெயில் தாழட்டும் என்று நாலு மணிக்கு மேல்தான் உட்கார்ந்தேன் (இந்த நாலு மணி பின்னால் வரும், அதனால் குறித்துவைக்கிறேன்). தடிமனான கார்ட்ரிட்ஜ் தாள், கரிக்குச்சி, 6பி பென்சில், பிசைகிற ரப்பர், தாளைப் பிடிக்க ஒரு பலகை. தேரியில் வரைவதில் பெரிய தொல்லை காற்று. மணல் தாளில் வந்து உட்காரும், தட்டினால் கரியோடு சேர்ந்து இழுபடும். தட்டாதீர்கள், தாளைச் செங்குத்தாகப் பிடித்துப் பின்பக்கம் விரலால் சுண்டினால் மணல் மட்டும் விழும், கரி அப்படியே இருக்கும். இரண்டரை மணி நேரத்தில் பதினோரு மரம், இரண்டு மூன்று வடலி (இளம்பனை), முன்னால் உடைமரப் புதர், பின்னால் மேடு. பார்த்தபோது எனக்கு நிறைவாகவே இருந்தது.

மணலின் நிறம் கரியில் வராது. அந்தச் சிவப்பு இல்லாமல் தேரி இல்லை என்பதால் அந்த மண்ணையே வண்ணமாக்கலாம் என்று ஒரு டப்பா அள்ளிவந்தேன். வீட்டில் அம்மியில் வைத்து அரைத்தேன். அரைக்க அரைக்கச் சிவப்பு கூடும் என்று நினைத்தால் குறைந்துகொண்டே போனது, அரை மணி நேரத்தில் இளஞ்சிவப்பாக, கிட்டத்தட்டப் பல்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் யோசித்தேன். தேரி மணல் உள்ளுக்குள் வெள்ளைப் படிகக் கல்தான், அதன் மேல் இரும்புத் துருப் பூச்சு ஒட்டியிருக்கிறது, சிவப்பு முழுக்க அந்தத் தோலில். அரைத்தால் உள்ளே இருக்கிற வெள்ளை வெளியே வருகிறது, அவ்வளவுதான். அதனால் அடுத்த முறை அரைக்கவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் மணலைப் போட்டுக் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கனமான மணல் அடியில் உட்கார ஒரு நிமிடம் விட்டு, மேலே கலங்கி நிற்கும் சிவப்புத் தண்ணீரை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினேன். ஒரு நாள் அசையாமல் வைத்தால் அடியில் வழவழப்பான சிவப்பு வண்டல் தங்கும், மேல் தண்ணீரை இறுத்துவிட்டு வண்டலை நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு வாளி மணலுக்கு ஒரு கைப்பிடி தேறியது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கருவேலம் பிசினை ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டி, அதில் இந்த வண்டலைக் குழைத்து, பூசணம் பிடிக்காமல் இருக்க ஒரு துளி கிராம்பு எண்ணெய். தாளில் தடவினால் தேரிச் சிவப்பு அப்படியே நிற்கிறது.

அதைப் போனில் படம் பிடித்தபோது இன்னொன்று நடந்தது. தாள் முழுக்கச் சிவப்பாக இருந்ததால் போன் அதைத் தானே ‘சரிசெய்து’ மங்கிய பழுப்பாக்கிவிட்டது. எந்தக் காட்சியிலும் எல்லா நிறத்தையும் சராசரியாக்கினால் சாம்பல் வரவேண்டும் என்பது கேமராக்களில் வெகுநாளாக இருக்கும் ஒரு ஊகம். தேரி அந்த ஊகத்துக்கு அடங்காது. ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து, வெள்ளைச் சமநிலையைக் கையால் பூட்டிவிட்டு எடுத்தால்தான் உள்ளது உள்ளபடி வருகிறது. மாடலுக்குக் கொடுக்கிற படத்திலேயே நிறம் திரிந்துவிட்டால் மேற்கொண்டு செய்கிற சோதனைக்கு அர்த்தம் இருக்காது.

இனி மேல்பாதி. மாடலிடம் வெறும் சொல்லைக் கொடுக்காமல் ஒரு படத்தையும் கொடுத்து, இதை வைத்து வரை என்று சொல்ல ஒரு வழி உண்டு. எந்த அளவுக்கு மாற்றலாம் என்று 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண் கொடுக்க வேண்டும். நடப்பது இதுதான்: நம் படத்தின்மேல் மணலை வாரி இறைப்பதுபோல் புள்ளிகளைத் தூவி மறைக்கிறது, அப்புறம் அந்த மணலுக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து ஊகித்துத் துடைக்கிறது. 0.2 என்றால் லேசான தூவல், 0.8 என்றால் கிட்டத்தட்டப் புதைத்துவிடுவது. எவ்வளவு புதைக்கிறோமோ அவ்வளவு தன் நினைவிலிருந்து எடுத்து நிரப்பும். என் கரிப்படத்தைக் கொடுத்து, தொடக்க எண்ணையும் (புள்ளிகள் எப்படித் தூவப்படும் என்பதை முடிவுசெய்கிற எண்) சொற்களையும் மாற்றாமல், இந்த அளவை மட்டும் 0.05 ஆகக் கூட்டிக்கொண்டே போனேன். தொடக்க எண்ணைப் பூட்டுவது கட்டாயம், இல்லையென்றால் மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

0.3 வரை பனை பனையாகவே இருந்தது, ஓலை நுனி மட்டும் கொஞ்சம் மழுங்கியது. 0.45-இல் ஒரு மரத்தில், வலமிருந்து மூன்றாவதில், விசிறி உடைய ஆரம்பித்தது. பனையோலை கை விரித்ததுபோல் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். தென்னையோலை நடுத் தண்டிலிருந்து இருபக்கமும் சீப்புப்போல் இறங்கும். அந்த ஒரு மரத்தில் பாதி ஓலை விரிந்தும் பாதி ஓலை இறங்கியும் இருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 0.5-இல் ஐந்து மரம் தென்னை. 0.6-இல் எல்லாமே. 0.7-இல் உடைமரப் புதர் இருந்த இடத்தில் ஒரு குடிசை வந்தது, 0.75-இல் மணல் மேட்டின் அடியில் தண்ணீர், 0.8-இல் மேட்டுக்குப் பின்னால் மலையும் நடுவில் சூரியனும்.

இந்தப் படங்களை அச்செடுத்து ஒட்டவில்லை, ஒவ்வொன்றையும் கரியால் கையாலேயே பார்த்து வரைந்தேன். ஐந்து வாரம் ஆனது. கையால் வரையும்போதுதான் கண் உண்மையில் வேலை செய்கிறது, திரையில் பார்க்கும்போது கடந்துபோன பல விஷயங்கள் அப்போது தட்டுப்பட்டன. நிழல் இரண்டு திசையில் விழுகிறது. மரத்தின் அடி மணலுக்குள் இறங்காமல் மேலே வைத்ததுபோல் நிற்கிறது. நிஜப் பனைக்கு அடியில் கறுத்த வேர்த்தூர் புடைத்துக்கொண்டு நிற்கும். கூரை சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கதவு இருக்கிறது. இதையெல்லாம் திருத்தாமல் அப்படியே வரைந்தேன், ஆனால் கை தானாகவே திருத்தப் பார்த்தது, ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திரும்ப வரைய வேண்டியிருந்தது.

கீழ்பாதிக்கு ஆள் வேண்டும். இது என் சொந்த யோசனை இல்லை. கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற உளவியலாளர் இதை முறைப்படி செய்து 1932-இல் வெளியிட்டார். பழைய எகிப்திய ஆந்தைக் குறியீடு ஒன்றைக் காட்டி, ஒருவர் நினைவிலிருந்து வரைந்ததை அடுத்தவருக்குக் காட்டிக்கொண்டே போனதில், ஆந்தை கடைசியில் பூனை ஆகிவிட்டது. சித்திரையில் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் வைத்து ஒன்பது பேரை வரையச் சொன்னேன். முதல் ஆளுக்கு என் படத்தைப் பத்து நொடி காட்டினேன், அஞ்சு நிமிடம் பேச்சுக் கொடுத்தேன், அப்புறம் வரையச் சொன்னேன். அதை இரண்டாவது ஆளுக்கு, இப்படியே. எதைப் பற்றிய சோதனை என்று யாருக்கும் சொல்லவில்லை. ‘பனை’ என்ற சொல்லை நான் வாயால் சொல்லக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

முதல் ஆளிடமே பதினோரு மரம் நாலு ஆனது. இரண்டாவது ஆளிடம் உடைமரம் காணாமல் போனது. மூன்றாவது, எட்டாம் வகுப்புப் பையன், மணல் மேட்டை இரண்டு முக்கோணமாக்கினான். நான்காவது ஆள் அந்த முக்கோணத்துக்கு நடுவில் அரைவட்டச் சூரியனை வைத்தார், கதிரோடு. ஐந்தாவதில் மரம் தென்னை, மூன்று தேங்காயோடு. நம்மில் யாருக்கும் இந்தப் படம் புதிதில்லை. இயற்கைக் காட்சி வரை என்று டிராயிங் வகுப்பில் சொன்னதும் வகுப்பே வரையும் படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ‘வி’ போட்டதுபோல் பறவை, மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. மலையே கண்ணில் படாத கடற்கரை ஊரில் படித்த நானும் அதைத்தான் வரைந்தேன், நட்சத்திரம் வாங்கினேன்.

ஆறாவது ஆள் என் அத்தை. ஓலைப்பெட்டி முடைகிறவர், ஐம்பது வருடமாகக் கையில் பனையோலைதான். அவருக்குக் காட்டியது தேங்காய் காய்த்த தென்னை. அவர் திரும்ப வரைந்தது பனை. விசிறி ஓலை, மட்டையில் கருக்குப் பல் பல்லாக, கீழே ஒரு வடலிகூட. “அத்தை, நான் காட்டுனது இதா?” என்று கேட்டேன். “பனைதானப்பா காட்டுன?” என்றார், துளியும் சந்தேகம் இல்லாமல். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர் செய்ததும் சாய்வுதான், காட்டியதை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை வரைந்தார். ஆனால் சங்கிலியில் தேரிக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த ஒரே ஆளும் அவர்தான். ஏழாவது ஆள் அதை மறுபடி தென்னையாக்கிவிட்டார், ஒன்பதாவதில் டிராயிங் வகுப்புப் படம் முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டது. அத்தை வரைந்த துண்டை மட்டும் நான் பார்த்து வரையாமல் அவர் போட்ட பென்சில் கோட்டோடு அப்படியே ஐந்தாவது தாளில் ஒட்டியிருக்கிறேன்.

மேல்பாதி முடிந்த இடமும் கீழ்பாதி முடிந்த இடமும் ஆறாவது தாளில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மலை, சூரியன், தண்ணீர், குடிசை, தென்னை என்று இரண்டிலும் அதே பொருட்கள். போன வழிதான் வேறு. மனிதர்கள் கைக்குக் கை மாற மாற விட்டுக்கொண்டே வந்தார்கள், கோடு குறைந்துகொண்டே போய் அடையாளம் மட்டும் மிஞ்சியது. மாடல் எதையும் காலியாக விடவில்லை, மறந்த இடத்தையெல்லாம் அலையும் ஒளியும் இலையுமாக நிரப்பிக்கொண்டே போனது. அதனால்தான் மாடலின் பொய்யைப் பிடிப்பது கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பையன் போட்ட முக்கோணத்தைப் பார்த்து யாரும் தேரி என்று நம்பிவிட மாட்டார்கள்.

1993 முதல் கோமார், மெலமித் என்று ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போன இரு ஓவியர்கள், மக்களுக்கு எந்த மாதிரி ஓவியம் பிடிக்கும் என்று பல நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்தி, கிடைத்த விடைப்படியே வரைந்தும் காட்டினார்கள். கென்யா, துருக்கி, ஐஸ்லாந்து என்று எங்கே கேட்டாலும் பெரும்பாலும் நீல வானமும் தண்ணீரும் மரமும் உள்ள அதே நிலக்காட்சிதான் வந்தது. இதற்கு ஆதிமனிதன் காலத்து விருப்பம் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள், வீட்டுக்கு வீடு தொங்குகிற காலண்டர் படம் என்று சிலர் சொன்னார்கள். சிவகாசி காலண்டர் மாட்டாத வீட்டை நான் பார்த்ததில்லை, எனக்குக் காலண்டர் விளக்கம்தான் சரியாகப் படுகிறது. மாடல் தின்றதும் பெரும்பாலும் காலண்டர் படங்களைத்தான்.

இது வரைக்கும் மெஷினும் மற்றவர்களும். என் முதல் தாள் நேரில் பார்த்து வரைந்தது, அது உண்மை, அதிலிருந்துதான் எல்லாம் விலகுகின்றன என்ற நம்பிக்கையில் இருந்தேன். கொடை முடிந்த மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தேரிக்குப் போனேன், பாளை சீவுகிற காலம், பனையேறும் பெரியவர் ஒருவர் இறங்கி வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, இது எந்த வருசத்துப் படம்?”

“இந்தத் தைல வரைஞ்சது அண்ணாச்சி.”

“தைலயா? தைல எவன் பனை ஏறுனான்? மரமெல்லாம் செதுக்கிவச்ச மாதிரில்லா இருக்கு. இந்தப் பக்கம் ஏறாம விட்ட மரம்தான எல்லாம், காவோலை இடுப்பு வரைக்கும் தொங்கிக்கிட்டுக் கெடக்கும்.”

எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. என் படத்தில் இடதுபக்க மரத்தில் ஒரு ஆள் ஏறிக்கொண்டிருந்தார், இடுப்பில் குடுவையோடு. வீட்டுக்கு வந்து அன்றைக்கு எடுத்த போட்டோவைத் திறந்தேன். மரத்தில் யாரும் இல்லை. பதினோரு மரத்தில் எட்டு மரத்துக்குக் காய்ந்த ஓலை பாவாடைபோல் தொங்குகிறது, ஆள் ஏறுகிற மரமாக இருந்தால் அதைக் கழித்துச் சுத்தம் செய்திருப்பார்கள். நான் எட்டையும் சுத்தம் செய்துவிட்டேன். மரங்களுக்கு நடுவில் போகும் மின்கம்பி என் படத்தில் இல்லை. செல்போன் கோபுரம் இல்லை. வலது ஓரத்தில் ஒரு பெண் காவோலையைக் கட்டி ஒரு டிவிஎஸ் மொபெட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், நான் வரைந்த இரண்டரை மணி நேரத்தில் பெரும்பகுதி அவர் அங்கேதான் இருந்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தார். அவரையும் விட்டுவிட்டு, இல்லாத பனையேறியை ஏற்றியிருக்கிறேன். யாரும் எனக்கு 0.45 என்று எண் கொடுக்கவில்லை.

அந்தத் தாளைத் திருத்தவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும், முதல் தாளாகவே இருக்கட்டும், பக்கத்தில் அந்தப் போட்டோவைச் சின்னதாக ஒட்டியிருக்கிறேன். 1792-இல் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள், ஒருவரும் அவருடைய சகோதரர் மகனும், எங்கள் பக்கம் வந்து பாபநாசம் அருவியை வரைந்தார்கள். வரைவதற்குக் காட்சியை அப்படியே தாளில் விழவைக்கும் இருட்டுப்பெட்டிக் கருவியை வைத்திருந்தார்கள். கருவி கோட்டைச் சரியாகக் கொடுக்கும். பெட்டியை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் வைப்பது, விழுந்ததில் எதை வரைவது எதை விடுவது என்பதெல்லாம் அப்போதும் ஆளின் கையில்தான் இருந்தது.

நடுவில் மாடலுக்குப் பனையைக் கற்றுக்கொடுக்கவும் முயன்றேன். லோரா என்று ஒரு முறை இருக்கிறது, முழு மாடலையும் மாற்றாமல் ஓரத்தில் ஒரு சின்ன இணைப்பை மட்டும் பயிற்றுவிப்பது, வீட்டுக் கம்ப்யூட்டர் தாங்கும். என் பனை போட்டோக்கள் 32-ஐ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு எழுதி, ஒரு ராத்திரி ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் அருமையான பனை, விசிறி ஓலை, கருக்குப் பல், எல்லாம் சரி. ஆனால் கேட்ட படமெல்லாம் சாயங்காலம். நடுப்பகல் என்று எழுதினாலும் சாயங்கால மஞ்சள் வெளிச்சம், மழை என்றாலும் அதே மஞ்சள். 32 போட்டோவும் நான் நாலு மணிக்கு மேல் எடுத்தவை. எல்லா மரமும் ரோட்டிலிருந்து பார்த்த கோணம், ஏனென்றால் நான் வண்டியை விட்டு அதிக தூரம் நடக்கவில்லை. ஒரு பெண்கூட எந்தப் படத்திலும் வரவில்லை. பனை இல்லாத குறையைத் தீர்க்கப் போய் என் சௌகரியத்தை அதற்குள் ஏற்றிவைத்திருக்கிறேன். இதைச் செய்ய நினைக்கிறவர்கள் படம் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, காலை, உச்சி, மழை, காற்று என்று வேறு வேறு நேரத்தில் எடுங்கள், உங்களுக்குப் பிடிக்காத பக்கத்திலிருந்தும் எடுங்கள், தலைப்பில் வெளிச்சத்தைப் பற்றியும் எழுதுங்கள். தலைப்பில் எழுதாததையெல்லாம் மாடல் மரத்தோடு சேர்ந்த குணம் என்று எடுத்துக்கொள்கிறது.

ஏழாவது தாளை ஆனி மாதம் உச்சி வேளையில் வரைந்தேன், குடை கட்டிக்கொண்டு. அந்த நேரத்தில் தேரி சிவப்பாகவே இல்லை, கண் கூசி வெளிறிக் கிடக்கிறது, நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டு விடுகிறது. வண்டலில் பிசினைக் குறைத்து நிறைய நீர் விட்டுத்தான் அந்த வெளிறலைக் கொண்டுவர முடிந்தது. முதலில் கம்பியைப் போட்டேன், அப்புறம் கோபுரம், அப்புறம் ஒவ்வொரு மரத்துக்கும் காவோலை, எண்ணி எண்ணி. மரத்துக்கு முன்னால் கம்பியைப் போடுவதற்குக் கை வரவே இல்லை, ஸ்கேலை வைத்து இழுத்தேன்.

ஒரு மணி வாக்கில் மொபெட் சத்தம் கேட்டது. தையில் பார்த்தவர்தான், ஓலை பொறுக்க வந்திருந்தார். வரையலாமா என்று கேட்டேன், “வேலை கெடாம வரைங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். போகும்போது வண்டியை நிறுத்திவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தார்.

“கட்டு இவ்வளவு சின்னதா தம்பி? இத ஏத்திக்கிட்டுப் போனா அடுப்பு ரெண்டு நாளைக்குக் காணாது.”

நான் வண்டியையும் கட்டையும் இன்னொரு முறை பார்த்தேன். கட்டு வண்டியைவிட அகலமாக, பின்சக்கரம் தெரியாதபடி, அவர் தோளுக்கு மேல் உயர்ந்து நின்றது. அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பழைய கட்டை அழித்துவிட்டுப் பெரிதாக வரைந்தேன். கரி ஆழமாக இறங்கியிருந்ததால் முழுதும் போகவில்லை, ரப்பர் பட்டு அந்த இடத்தில் தாள் நைந்திருக்கிறது, சின்னக் கட்டின் கோடு பெரிய கட்டுக்குள் இன்னும் தெரிகிறது.